வாசகர் எண் 412

இது நடந்தது. என்மேல் சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பெற்ற அம்மாவே நம்பவில்லை. "நேரத்துக்குச் சாப்பிடாம திரிஞ்சா கண்டதெல்லாம்தான் தெரியும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் சுடுகாடு கிடையாது. நடுராத்திரி கிடையாது. நாய் ஊளையிடவில்லை. எல்லாம் பட்டப்பகலில், ஓர் அரசாங்க அலுவலகத்தில், வேலை நேரத்தில் நடந்தது. அதனால்தான் எனக்கு இன்றைக்கும் குலை நடுங்குகிறது. ராத்திரி என்றால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். பகலுக்கு என்ன செய்வது?

அப்போது நான் ஆராய்ச்சி மாணவி. ஆறாவது வருடம். ஏற்கெனவே இரண்டு தடவை கெடு நீட்டி வாங்கியாகிவிட்டது. மூன்றாவது தடவை கிடையாது என்று பல்கலைக்கழகம் எழுத்திலேயே கொடுத்துவிட்டது. திங்கட்கிழமை மாலைக்குள் தீசிஸைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருடமும் குப்பை.

தீசிஸ் தயார். நாலாவது அத்தியாயத்தில் மட்டும் ஒரு கோளாறு.

நான் ஆராய்ந்தது, தொண்ணூறு வருடங்களுக்கு முன் துறைமுகத்துக்கு அருகில் நடந்த ஒரு தொற்றுநோய் முகாம். கப்பலில் வந்தவர்களை அங்கே அடைத்து வைத்திருக்கிறார்கள். அதில் அறுபத்து மூன்று பேர் உள்ளே போனதற்குக் கணக்கு உண்டு, வெளியே வந்ததற்குக் கிடையாது. செத்தவர் பட்டியலிலும் இல்லை. என் நாலாவது அத்தியாயமே அந்த அறுபத்து மூன்று பேர்தான். அந்த எண்ணை நான் எடுத்தது என் கைடு எழுதிய பேர்பெற்ற புத்தகத்திலிருந்து. முன்கூட்டியே படித்துப் பார்த்த தேர்வாளர், "கைடு சொன்னார் என்பது ஆதாரம் ஆகாது. மூலப் பதிவேட்டைப் பார்த்து, பெயர்களோடும் பக்க எண்ணோடும் எழுதவும்" என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பிவிட்டார்.

நான் கைடிடம் ஓடினேன். சார் வீட்டிலேயே அவருக்கு ஓர் அறை உண்டு, அங்கேதான் எப்போதும் சந்திப்பு.

"சார், முகாம் பதிவேடு மொத்தம் பதினாலு தொகுதி. அதுல எந்தத் தொகுதின்னு சொன்னீங்கன்னா போதும்."

"ரொம்ப வருஷமாச்சும்மா. மறந்துபோச்சு."

"உங்க பழைய குறிப்புல இருக்காதா சார்?"

"இல்ல. போய்த் தேடிப் பாரு. கெடைக்கலன்னா நான் கையெழுத்துப் போட முடியாது."

இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு இருந்த பதற்றத்தில் அதெல்லாம் எங்கே உறைத்தது? அன்றைக்கே தலைநகரத்துக்கு பஸ் ஏறிவிட்டேன்.

புதன்கிழமை காலை 10.00. ஆவணக் காப்பகத்தின் வாசிப்பு அறை தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னலே இல்லை. முப்பது இருக்கைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மேசை விளக்கு. பை, போன் எல்லாம் மேலேயே ஒப்படைத்துவிட வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். கவுண்டரில் இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு தொகுதிதாம்மா."

"அண்ணா, எனக்குப் பதினாலு பாக்கணும். வெள்ளிக்கிழமையோட நான் கிளம்பணும்."

"மூணுதாம்மா."

மூன்று நாள், மூன்று மூன்று தொகுதி. ஒன்பது. மீதி ஐந்தை யார் பார்ப்பது? என் தலையெழுத்தை நானே நொந்துகொண்டேன்.

அங்கே வேலை நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் செய்த கோளாறு புரியும். ஒரு சீட்டில் உங்கள் வாசகர் எண், இருக்கை எண், தொகுதி எண் மூன்றையும் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். சீட்டின் மேல் பாதி ராக்கில் புத்தகம் இருந்த இடத்துக்குப் போகும். கீழ் பாதி புத்தகத்தோடு உங்கள் இருக்கைக்கு வரும். மாலையில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் கீழ் பாதியில் முத்திரை குத்தித் தருவார்கள். அதை வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்தால்தான் வெளியே விடுவார். யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. எண் சரியாக இருந்தால் சரி.

பகல் 2.05. இரண்டாம் தொகுதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு சீட்டு விழுந்தது. மஞ்சளடித்துப் போன பழைய சீட்டு. வாசகர் எண் 412. இருக்கை 23. குண்டு குண்டான, இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்து.

எனக்கு முன்னால் யாரோ இதே தொகுதியைத் தேடியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். என் புத்தி எங்கே போயிற்று பாருங்கள்.

வெறும் சீட்டு மூன்றை எடுத்தேன். 412, இருக்கை 23, தொகுதிகள் 4, 5, 6 என்று எழுதிப் பெட்டியில் போட்டேன். அந்த எண்ணுக்குரியவர் எங்கோ வேலை பார்த்துக்கொண்டிருப்பார், பேரப்பிள்ளைகூட எடுத்திருப்பார், அவருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

2.40-க்கு ஊழியர் தள்ளுவண்டியில் கொண்டுவந்து 23-இல் வைத்துவிட்டுப் போனார். கவுண்டர் அண்ணன் தலையைத் திருப்பும்வரை காத்திருந்து, ஐந்து நிமிடம் கழித்துப் போனேன்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நாலாம் தொகுதி திறந்து கிடந்தது. பக்கத்தில் சுருள் சுருளாக, புதிதாகச் சீவிய பென்சில் சீவல்.

ஊழியர்தான் உட்கார்ந்து ஏதோ எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. அன்றைக்கு ஆறு தொகுதி முடித்தேன். எதிலும் அந்த அறுபத்து மூன்று பேர் இல்லை.

மாலை 5.10. வாசலில் ஆறு சீட்டையும் நீட்டினேன்.

"நானூத்திப் பன்னெண்டு யாரும்மா?" என்றார் வாட்ச்மேன்.

"என் ஃப்ரெண்டு. பின்னாடி வராங்க."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

வியாழக்கிழமை காலை அதே வாட்ச்மேன் என்னை நிறுத்தினார்.

"உங்க ஃப்ரெண்டு நேத்து வெளியவே வரலியேம்மா. நான் அஞ்சே முக்கால் வரைக்கும் பாத்தேன்."

"நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

"உள்ள படியில செருப்புச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. ஏறுறதும் இறங்குறதுமா..."

நான் கீழே இறங்கிவிட்டேன். ஆனால் படிக்கட்டில் என் செருப்புச் சத்தத்தை நானே எண்ணிக்கொண்டு போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

10.05. என் எண்ணில் 7, 8, 9 கேட்டு எழுதிவிட்டு, 412-இன் பெயரில் 10, 11, 12 எழுதப் போனேன். சீட்டை வாங்க வந்த ஊழியர் கையை ஆட்டினார்.

"அது மூணும் காலையிலேயே போட்டாச்சே. அவங்க இடத்துல வச்சுட்டேன்."

"யார் போட்டது?"

"உங்க கூட வந்த பொண்ணுதான். தண்ணி வேணுமான்னு கேட்டேன், பதிலே இல்ல."

"ஆள் எப்படி இருந்தாங்க?"

"முதுகுதான் பாத்தேன். குனிஞ்சு எழுதிட்டே இருந்துச்சு."

23-க்குப் போனேன். யாருமில்லை. மூன்று தொகுதிகளும் இருந்தன. சீட்டுகளில் அதே குண்டு எழுத்து, அதே இடப்பக்கச் சாய்வு. பென்சில் கரி விரலில் ஒட்டியது. நாற்காலியில் கை வைத்தேன். வைத்த கையை உடனே எடுத்துவிட்டேன்... உட்கார்ந்து எழுந்த சூடு அதில் இருந்தது.

ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு துண்டுக் காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. "இதில் இல்லை." மூன்றிலும் அதேதான்.

புத்தியுள்ளவளாக இருந்தால் அப்போதே பையை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? பத்தாம் தொகுதியை முழுவதும் சரிபார்த்தேன். அந்தத் துண்டு சொன்னது சரி. உடனே மீதி இரண்டையும் நம்பி, பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவ்வளவு நேரம் மிச்சம் என்று சந்தோஷம் வேறு. பயத்தைவிட எனக்குத் திங்கட்கிழமை பெரிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை. பாக்கி இரண்டே தொகுதி. 11.15-க்குப் பதின்மூன்று முடிந்தது. அதில் இல்லை. அப்படியென்றால் பதினாலில்தான். முதல் தடவையாக எனக்கு மூச்சு சீராக வந்தது. சீட்டைப் போட்டேன்.

11.40-க்குச் சீட்டு அப்படியே திரும்பி வந்தது. மேலே ஊதா முத்திரை: இடத்தில் இல்லை.

"அண்ணா, இன்னொரு தடவ பாக்கச் சொல்லுங்க."

"இடத்துல இல்லன்னா இல்லதாம்மா."

"யாராவது எடுத்திருந்தா ராக்குல அவங்க சீட்டு இருக்கும்ல?"

"சீட்டும் இல்ல. பதினாலு இல்லாம ரொம்ப வருஷமாச்சு."

"அண்ணா, என் ஆறு வருஷம் அதுலதான் இருக்கு."

அவர் ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தைவிட்டு அந்தக் கவுண்டர் முன்னாலேயே அழுதேன்.

மதியம் 2.00. மேலே போய் போனை வாங்கி சாரைக் கூப்பிட்டேன். "கெடைக்கலன்னா நான் என்னம்மா பண்றது?" என்றார். அவ்வளவுதான். வைத்துவிட்டார். அம்மாவைக் கூப்பிட நினைத்து, என்ன சொல்வது என்று தெரியாமல் போனைத் திருப்பிக் கொடுத்தேன். ஆறு வருடம் நான் என்ன படிக்கிறேன் என்று உறவுக்காரர்கள் கேட்டபோதெல்லாம் அவள்தான் பதில் சொல்லிச் சமாளித்திருக்கிறாள். இனிமேல் அவள் என்ன சொல்வாள்?

3.30. கீழே நான் ஒருத்திதான் இருந்தேன். மற்ற வாசகர்கள் போய்விட்டார்கள். கை தானாக ஒரு சீட்டை எடுத்தது. வாசகர் எண் 412. இருக்கை 23. தொகுதி 14. நம்பிக்கையில் எழுதவில்லை. வேறு வழி தெரியாமல் எழுதினேன். பெட்டியில் போட்டுவிட்டு என் இருக்கையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

4.10. கரண்ட் போனது.

ஜன்னல் இல்லாத அறை என்று சொன்னேன் அல்லவா. கண்ணுக்கு முன்னால் விரலை வைத்தால் விரல் தெரியவில்லை. கவுண்டர் அண்ணன், "இருந்த இடத்துலயே இருங்கம்மா, ஜெனரேட்டர் போட்டுட்டு வரேன்" என்றபடி படியேறிப் போவது கேட்டது.

அப்புறம் சத்தமில்லை.

சர்ர்...

பக்கம் திருப்பும் சத்தம்.

சர்ர்...

23 இருந்த பக்கத்திலிருந்து.

"யாரு?" என்றேன். 

சத்தம் நின்றது. நாற்காலி பின்னால் நகரும் ஒலி. செருப்பு... ஒன்று, இரண்டு, மூன்று... என்னை நோக்கி. ஓட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. பென்சிலை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

என் எதிரே கனமான எதையோ மேசைமேல் வைத்த சத்தம். தூசி வாடை மூக்கில் ஏறியது.

"பதினாலு," என்றது ஒரு பெண் குரல். மிகவும் களைத்த குரல். "பக்கம் இருநூத்திப் பன்னெண்டு. எழுதிக்கோ."

பெயர்களைச் சொல்லத் தொடங்கியது.

நான் எழுதினேன்.

இருட்டில். கண் தெரியாமல். அழுதுகொண்டே எழுதினேன். எழுதாமல் இருந்திருக்கலாமே என்று கேட்கிறீர்களா? அந்தப் பெயர்களுக்காகத்தானே வந்தேன்.

வரி கோணியபோது ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

ஐஸ்.

அடுத்த வரிக்கு நகர்த்தி வைத்தது.

மறுபடி பெயர். மறுபடி...

அறுபது. அறுபத்தொன்று. அறுபத்திரண்டு.

அறுபத்து மூன்று.

"நீங்க... யாரு?"

"திங்கக்கிழமை கடைசி நாள்," என்றது குரல்.

4.31. விளக்கு வந்தது.

எதிரே யாருமில்லை. மேசைமேல் புத்தகமும் இல்லை. என் நோட்டில் மூன்று பக்கம் நிறைய பெயர்கள், கோடு பிசகாமல். நான் நேராக எழுதுகிறவள். இந்த மூன்று பக்கத்து எழுத்துகளும் குண்டு குண்டாக, இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

பதின்மூன்றாம் தொகுதியைக் கவுண்டரில் வைத்து முத்திரை வாங்கினேனா, எப்படிப் படியேறினேன், ஒன்றும் நினைவில்லை. வாசலில் வாட்ச்மேன் சீட்டை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"உங்க ஃப்ரெண்டு இன்னைக்கு உங்களுக்கு முன்னாடியே போயிட்டாங்க. இப்பதான். என்ன அவசரமோ, ஓட்டமும் நடையுமா போனாங்க."

நான் எதிர்ப்பக்கமாக நடந்தேன்.

இரண்டு நாள் காய்ச்சல். அதோடு உட்கார்ந்து பெயர்களை டைப் செய்து, பக்க எண் போட்டு, பைண்டிங்குக்கும் கொடுத்து வாங்கினேன். திங்கட்கிழமை காலை 9.15-க்கு சார் வீட்டு வாசலில் நின்றேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். நல்ல மனுஷி, வரும் மாணவர்கள் எல்லோரையும் பெயர் சொல்லி நலம் கேட்பார்.

"வா வா. இன்னொரு பொண்ணு எட்டு மணிக்கே வந்து அவர்கூட உக்காந்திருக்கு. உன்கூடப் படிக்கிறதா?"

"யாரு மேடம்?"

"முகத்தையே காட்டல. குனிஞ்சே உள்ள போச்சு. சரி, போ. டீ மூணு போடவா?"

நான் அறைக்குள் போனேன்.

சார் மட்டும்தான் இருந்தார். எதிர் நாற்காலி பின்னால் நகர்த்தப்பட்டு, ஆளில்லாமல் இருந்தது. பின்னாலிருந்த இரும்பு அலமாரி திறந்து கிடந்தது. மேசைமேல் தடித்த பழைய புத்தகம் ஒன்று. முதுகில் காப்பகத்தின் முத்திரை. அதன் கீழே, 14.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் திறந்திருந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"திருப்பிக் கொடுத்துடலாம்னுதாம்மா இருந்தேன்," என்றார் அதனிடம். "புத்தகம் வந்த பிறகு கொடுத்துடலாம்னு இருந்தேன். அப்புறம் கொடுத்தா மாட்டிக்குவேன்... நீ உள்ளயே தங்கிடுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நான் கையெழுத்துப் பக்கத்தை நீட்டினேன். ஆமாம், அந்த நேரத்திலும் நீட்டினேன். அவர் என்னவென்று பார்க்காமலே போட்டார்.  மாலை 4.20-க்கு தீசிஸைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். எனக்குப் பட்டமும் கிடைத்துவிட்டது. சார் அதற்குப் பிறகு அந்த அறைக்குள் போகவில்லை என்றும், யாரோடும் பேசுவதில்லை என்றும் மேடம் சொன்னார்.

ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. காப்பகத்துக்குப் போன் போட்டுக் கவுண்டர் அண்ணனிடம் கேட்டேன். 412 யார்?



"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசும்மா. இருபத்தொரு வருஷம் ஆச்சு. உங்கள மாதிரியே ஒரு ஆராய்ச்சிப் பொண்ணு. வெள்ளிக்கிழமை மத்தியானம் சீட்டு திரும்பி வந்துச்சு, இடத்துல இல்லன்னு. அழுதுச்சு. திங்கக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கணுமாம், இல்லன்னா அவங்க சார் கையெழுத்துப் போட மாட்டாராம். நாங்க பூட்டும்போது ராக்குக்குப் பின்னாடி ஒளிஞ்சுகிட்டிருக்கு, யாரும் கவனிக்கல. அதுக்கு மூச்சிரைப்பு உண்டாம். மருந்து பையில, பை மேல லாக்கர்ல."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"திங்கக்கிழமை நான்தான் கதவத் திறந்தேன். ஒரு ராக்குலகூட ஒரு புத்தகம் இல்லம்மா. அத்தனையும் தரையில. எல்லாத்தையும் ஒண்ணொண்ணா இறக்கிப் பாத்திருக்கு. கடைசி ராக்குல கடைசித் தட்டு வரைக்கும் பாத்துட்டு, அங்கேயே உக்காந்த மாதிரி இருந்துச்சு..."

அந்தக் கடைசித் தட்டுவரை அவள் தேடிக்கொண்டிருந்த இரண்டு நாளும், அந்தப் புத்தகம் சாருடைய அலமாரியில் பூட்டியிருந்தது. அவரிடம்தான் அவள் அதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருந்தது.